பாம்புக்குப் பேன் பார்த்த நாட்கள்

1

பாம்புக்கும் பேன் பிடிக்கும் என்று என் ஊரான பேசாலையில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டு நான் என் பாட்டில் போயிருப்பேன். இதை வாசிக்கிற ஊர்ச்சனமும் அப்படித்தான் கேட்கும். கேளுங்கள், பரவாயில்லை. ஒஸ்லோவில் ஐந்தாம் மாடி வீட்டில் ஒரு கையில் பஞ்சும் மறு கையில் பாம்புமாக நின்றவள் நான். எனக்கு இனி என்ன வெட்கம்?

வேலை இல்லாத ஒரு நாள் காலையில்தான் அது தொடங்கியது. நான் ஒரு வயோதிபர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறேன். அன்று விடுமுறை. தேத்தண்ணீர்க் கோப்பையோடு மகளின் அறைக்குள் போய்க் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தால், பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு படுத்திருந்தது. முதல் நாளும் அப்படித்தான் கிடந்தது. குளிக்கிறதாக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று குனிந்து பார்த்தபோது கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் கொட்டினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். அதில் ஒன்று நடந்தது. சீ! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். டிலானி எனக்கு ஒரே பிள்ளை. நகரத்தின் மறு தொங்கலில் சிநேகிதிகளோடு வீடு எடுத்து இருக்கிறாள். நான் 'சாப்பிட்டியா' என்று அனுப்பினால் அடுத்த நாள் ஒரு கட்டைவிரல் படம் வரும். அன்றைக்கு நான் தேத்தண்ணீரை வாயில் வைக்க முதல் தொலைபேசி அடித்தது.

"அம்மா, அவனைத் தொடாதேங்கோ! நான் வாறன்."

"ஆரைத் தொடாமல்?"

"கறுவாவை!"

கறுவா என்பதுதான் பாம்பின் பெயர். அவள் அதற்கு நோர்வேஜிய மொழியில் பெயர் வைத்தாள். அந்தச் சொல்லுக்குக் கறுவாப்பட்டை என்று அர்த்தம் என்று அறிந்த நாளிலிருந்து என் கணவர் தமிழிலேயே கூப்பிட்டு, கடைசியில் அவளும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டாள். பஸ் ஓட்டுகிற மனிசன், பனிப்புயலுக்கும் பயமில்லாதவர், அந்த அறைக்குள் மட்டும் கால் வைக்கமாட்டார். வாசலில் நின்று "என்ன கறுவா, சுகமோ?" என்று விசாரிப்பதோடு சரி.

பேனை மறந்துவிட்டு நான் அந்த 'வாறன்' என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். வார நடுவில் அவள் இந்த வீட்டுக்கு வந்து எவ்வளவோ காலம்.

2

அவள் இருக்கிற வீட்டில் பிராணிகள் வைத்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதாம். அதனால் அவள் போய்விட்டாள், பாம்பு என்னோடு நின்றுவிட்டது. ஞாயிறு பூசைக்கு வா, பூசைக்கு வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வற்றிப்போயிற்று, அதற்கு வரமாட்டாள். பாம்புக்கு எலி கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் வருவாள். என்னுடைய குளிர்ப்பெட்டியில் பாரைமீன் பொதிக்குப் பக்கத்தில் உறைந்த எலிப் பொதி இருக்கிறது. அக்காவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்து அறிந்துகொள்ளட்டும்.

எலியை எடுத்து, இளகவைத்து, இடுக்கியால் பிடித்துக் கொடுத்து, கறுவா அதை ஆறுதலாக விழுங்கி முடிக்கும்வரை டிலானி நிற்பாள். அதற்கிடையில் நான் புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோய் வைப்பேன். வேலையைப் பற்றி, சிநேகிதிகளைப் பற்றி ஏதாவது சொல்வாள். பாம்பு எலி விழுங்குகிற நேரம்தான் எனக்குக் கிடைத்த மகள். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தப் பாம்பு செத்தால் என் ஞாயிற்றுக்கிழமையும் செத்துவிடும். அதுதான் எனக்குப் பயம்.

இந்த நாட்டில் சில வருடங்களுக்கு முன்வரை பாம்பு வளர்ப்பதே குற்றம். பிறகு சட்டத்தை மாற்றி, இன்னின்ன இனம் வளர்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். யார் கேட்டது? என் மகளைப் போன்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவள் அதைக் கொண்டுவந்தாள். மண்ணிறமும் செம்மஞ்சளுமாக ஒரு முழ நீளத்துக்குக் கிடந்தது. "விஷம் இல்லை அம்மா, பயப்பிடாதேங்கோ" என்றாள். விஷம் இல்லாவிட்டால் பல்லும் இல்லையா? அவள் தலை மறைந்ததும் நான் அலுமாரியைத் திறந்து மடு மண்ணை எடுத்தேன்.

மன்னார்க் கரைக் கத்தோலிக்கருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடு மாதா கோயில் காட்டுக்குள் இருக்கிறது. திருவிழாவுக்குப் போனால் மரத்தடியில்தான் சமையலும் படுக்கையும். பாம்புக்குக் குறைவில்லாத காடு. ஆனாலும் அந்த மண்ணில் படுத்தவரைப் பாம்பு தீண்டாது என்பது எங்களுடைய நம்பிக்கை. திரும்பும்போது ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்து வீட்டைச் சுற்றித் தூவுவோம். நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அக்கா அதை என் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இந்த நாட்டின் வடக்கில், மீன் ஆலையில் வேலை செய்த காலத்தில், பாம்பே இல்லாத ஊரில் அது என்னோடு சும்மா இருந்தது. ஒரு வேலை வந்துவிட்டது என்று, பெட்டிக்குள் பரப்பியிருந்த மரப்பட்டைத் தூளை விலக்கி ஒரு மூலையில் கொட்டிவிட்டேன். தூள் மாற்றும்போதெல்லாம் மண்ணை அந்த மூலையிலேயே விட்டுவிடுவேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கறுவா இன்றுவரை ஒருவரையும் கடித்ததில்லை. காரணத்தை நீங்களே யோசியுங்கள்.

3

டிலானி வந்து சேர முதல் நானே மிருக வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குத் தெரிந்த மொழியில், என் பாம்புக்குப் பேன் என்று சொன்னேன்.  மறுபக்கத்துப் பெண், பேன் தலைமயிரில்தானே இருக்கும், உங்கள் பாம்புக்கு மயிர் இருக்கிறதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். வந்து இவ்வளவு காலமாகியும் இந்த மொழி என் காலை வாரி விடுவதில் குறைவைக்கவில்லை. டிலானி வந்து தொலைபேசியைப் பறித்து வேறு ஏதோ சொல் சொல்லி நாள் எடுத்தாள்.

"அம்மா, அது பேன் இல்லை. வேற பூச்சி. உண்ணி மாதிரி."

"ரத்தம் குடிச்சாப் பேன்தான். நீ நடவன்."

வைத்தியசாலையில் பாம்பைப் பதிந்தார்கள். பெயர் கறுவா, குடும்பப் பெயருக்கு எங்களுடைய பெயர். எனக்கு இந்த நாட்டுக் கடதாசி கிடைக்க எத்தனை கந்தோர் ஏறினேன், பேசாலையை எத்தனை பேருக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னேன் என்று எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கறுவாவுக்கு ஒரு பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது. பிறந்த இடம்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வைத்தியர் ஓர் இளம் பெண். கறுவாவின் தலையை இரண்டு விரலால் பிடித்து, தாடைக்குக் கீழே செதில்களின் இடுக்கையும் கண்ணைச் சுற்றிய வளையத்தையும் வெளிச்சத்தில் காட்டினாள். அதற்குள் கறுப்புக் கறுப்பாக இருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. கடி தாங்காமல்தான் பாம்பு தண்ணீருக்குள் போய்க் கிடக்கிறதாம், பூச்சியை மூழ்கடிக்கப் பார்க்கிறதாம். ஐயோ பாவம் என்று அன்றைக்குத்தான் முதல்முறை அதைப் பார்த்து நினைத்தேன். கையும் இல்லை, நகமும் இல்லை, சொறிய என்ன செய்யும்?

பெட்டிக்குள் கிடக்கும் எல்லாவற்றையும் எறிய வேண்டும். வெறும் கடதாசி விரிக்க வேண்டும். பாம்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துத் துடைக்க வேண்டும். அவள் எழுதித் தரும் மருந்தைத் தவிர வேறொன்றும் பூசக் கூடாது. முட்டை பொரிக்கப் பொரிக்கத் திரும்ப வரும், ஆகவே விடாமல் செய்ய வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனாள். மனிசருக்கும் பிடிக்குமா என்று கேட்டேன். மனிசரில் அது தங்கி வாழாது என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

"பெட்டிக்குள் புதிதாக ஏதாவது போட்டீர்களா?"

அண்மையில் கடையில் வாங்கிய மரப்பட்டைத் தூள்தான் என்றாள் டிலானி. அதில் வந்திருக்கலாம் என்றாள் வைத்தியர். நான் சுவரில் ஒட்டியிருந்த முயல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேன் இல்லை என்றாலும் எனக்கு வரும் வழி முழுவதும் தலை கடித்தது. டிலானிக்கு எட்டு வயதில் வகுப்பில் பேன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அறிவித்தல் வந்தது. அவளை முழங்காலுக்கு இடையில் இருத்திப் பின்னேரம் முழுக்கப் பார்த்தேன். பிறகு, நல்லெண்ணெய் மணக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்களாம், எண்ணெய் வைக்க விடவில்லை. பிறகு கூந்தலையே கழுத்துக்கு மேலே ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதற்குப் பிறகு அவளுடைய தலையில் நான் கை வைத்ததில்லை.

4

டிலானி மருந்து வாங்கப் போன நேரம் நான் பெட்டியைக் காலி செய்தேன். மரத்தூளைப் பையில் கட்டினேன். மூலையில் மடு மண் கிடந்தது. இங்கே குப்பைக்கும் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டுக் கழிவு பச்சைப் பையில், பிளாஸ்திக்கு ஊதாப் பையில், மிச்சம் சாதாரணப் பையில். மாதாவின் மண்ணை எந்தப் பையில் போடுவது? எவர் வந்து சொல்லித் தருவார்? நான் பேசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பாம்புக்குப் பேனோ?" என்றாள் அக்கா. "உனக்கென்னடி விசரோ? ஒரு தடியை எடுத்து அடிச்சுப்போட்டு வேலையைப் பாரன்."

"அடிச்சா பிள்ளை வரமாட்டாள் அக்கா."

 அக்கா குரலைத் தணித்து, "அப்ப மண்ணெண்ணை கிண்ணெண்ணை பூசிப்போடாத. செத்துப்போடும்" என்றாள்.

"மண்ணை என்ன செய்ய?"

"குப்பையில மட்டும் போட்டிடாத. வெளியில கொண்டுபோய் மண்ணோட மண்ணாக் கொட்டன்."

"இஞ்ச மண் எங்கயக்கா? முழங்காலளவு ஸ்நோ கிடக்கு."

எறியவும் முடியவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருந்தது. அதோடு இன்னொரு யோசனையும் வந்தது. இனி நாளாந்தம் டிலானி அந்தப் பாம்பைப் பிடித்துக் கழுவப் போகிறாள். நோகிற பாம்பு கடிக்காதா? இப்போதுதானே மண் வேண்டும்? வெள்ளைத் துணியில் அதை முடிந்து, விரித்த கடதாசிக்குக் கீழே மூலையில் வைத்துவிட்டேன்.

டிலானி வேலை முடிந்ததும் வரத் தொடங்கினாள். நான் வாயைத் திறந்து வா என்று கேட்காமலே வந்தாள். பெட்டியைச் சுடுநீரால் துடைத்தாள், மருந்தடித்தாள், கடதாசி மாற்றினாள். மூலையை நானே துடைத்துக் கடதாசி விரிக்கிறேன் என்று வாங்கிக்கொள்வேன். பிறகு குசினிக்குள் வந்து சாப்பிட்டாள். என் கணவர் அவளுக்காகவே வேலை நேரத்தை மாற்றிக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் திருவிழாக் கொடி ஏறியது. ஆனால் கிண்ணத்தில் புள்ளிகள் குறைந்து, பிறகு திரும்பவும் கூடின. கறுவா எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டிலானி அழுதாள். நான் செபமாலையை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறையில் இருந்தேன். பாம்புக்காகச் செபம் பண்ணுகிறேன் என்று மாதாவிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைக்காக என்று சொல்லிச் சமாளித்தேன்.

5

மூலையை அவளே துடைத்த நாளில் அகப்பட்டுக்கொண்டேன்.

"அம்மா! இதென்ன?"

முடிச்சின் மடிப்பெல்லாம் கறுப்புப் புள்ளிகள். பூச்சி அதற்குள் வசதியாகக் குடியிருந்திருக்கிறது.

"மடு மண். வைச்சனான்."

"ஏன்?"

"உன்னைக் கடிக்காமல் இருக்கத்தான் வைச்சனான்."

"அவன் கடிக்கமாட்டான்!"

"மண் கிடந்தபடியால்தான் கடிக்கேல்ல!"

"டொக்டர் எல்லாத்தையும் எறியச் சொன்னவா எல்லோ? நான் உங்களை நம்பித்தானே விட்டனான். இவ்வளவு நாளும் நான் கழுவ, நீங்க திரும்பப் பேன் வளத்திருக்கிறீங்க!"

"நான் வேணுமெண்டு செய்தனானோ? அந்த மண்ணோட நாங்கள் என்ன பாடுபட்டு இருந்தம் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது. நீங்க ஒண்டும் சொல்லுறேல்லயே."

நான் முடிச்சைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டேன். "நாளைக்கு வந்து இவனைக் கொண்டுபோறன். என்ர சிநேகிதி வைச்சிருப்பாள்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கட்டாமலே போனாள். இவர் வாசலில் நின்று என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பாக்கிறீர்? நீரும் சொல்லும்" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்?

அடுத்த நாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. யன்னலுக்கும் பெட்டிக்குமாக நடந்தேன். கடைசியில் தாச்சியை அடுப்பில் வைத்து முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கொட்டினேன். அரிசிமா வறுக்கிறேனே, மண்ணை வறுத்தால் என்ன? எந்தப் பேனும் முட்டையும் தாச்சிச் சூட்டில் தப்பட்டும் பார்ப்போம். மண்ணோடு கிடந்த மரத்தூள் புகைந்தது. புகைக்கு அடிக்கிற மணி முகட்டில் கீச்சிட, இவர் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்க, கதவு திறந்தது. டிலானி பாம்பைக் கொண்டுபோகத் தலையணை உறையோடு நின்றாள்.

"என்ன சமைக்கிறீங்க?"

"மண்."

அவள் கிட்ட வந்து தாச்சிக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கதிரையில் நின்ற தகப்பனைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாதா கோவிக்கமாட்டாவோ அம்மா?"

"இவ்வளவு காலமும் குளிருக்க இருந்தவ. கொஞ்சம் சூடு பிடிக்கட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தலையணை உறையைக் கதிரையில் போட்டாள். "சிநேகிதியிட்டயும் ஒரு பாம்பு கிடக்கு. கறுவாவைக் கொண்டுபோனா அதுக்கும் பிடிச்சிடும். சுகமாகும்வரைக்கும் இஞ்ச நிக்கட்டும்" என்றாள்.

6

அன்றுதான் நான் முதல்முறை கறுவாவைக் கையில் எடுத்தேன். ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்து, வழுவழுப்பாக, என் கைச்சூட்டைத் தேடி மணிக்கட்டைச் சுற்றியது. சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர். டிலானி உடம்பைப் பிடித்தாள், நான் பஞ்சால் தாடைக்குக் கீழே துடைத்தேன். ஒரு கறுப்பன் செதிலை விட்டு வெளியே வந்து ஓடினான். நான் யோசிக்கவேயில்லை. பிடித்து எடுத்து, இரண்டு பெருவிரல் நகத்துக்கும் இடையில் வைத்து நெரித்தேன். டிக் என்றது.

"அம்மா! இது எங்க பழகினது?"

"மடுவில."

சொன்னேன். சண்டை கரைக்கு வந்த காலத்தில் பேசாலையை விட்டு மடுக் காட்டுக்குள் போய், கோயிலைச் சுற்றித் தறப்பாள் கொட்டில்களில் இருந்ததைச் சொன்னேன். ஒருநாள் அக்காவின் காலுக்கு மேலால் ஒரு பாம்பு ஊர்ந்து போனதையும், அது ஒன்றும் செய்யாமல் போனதையும் சொன்னேன். எங்களைத் தின்றது பேன்தான். குடிக்கிற தண்ணீருக்கே வரிசை, தலைமுழுக எங்கே போவது? பின்னேரமானால் அம்மா என்னையும் அக்காவையும் மாறி மாறி முழங்காலுக்கு இடையில் இருத்திப் பேன் பார்ப்பா. மற்ற நேரம் முழுவதும் வாயே திறக்காமல் இருந்த மனிசி, பேன் பார்க்கும்போது மட்டும் கதைப்பா. பேன் எல்லாம் முடிந்துவிட்டால் கதையும் நின்றுவிடுமே என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

டிலானி கறுவாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் வந்து, "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

அந்த மாதிரி நாட்கள் கொஞ்சம் போயின. வறுத்த மண் ஒரு சின்னப் போத்தலில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றது. அது எங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். கிண்ணத்துத் தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. கறுவா தோலைக் கழற்றினான், புதுசாக மினுங்கினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எலியை ஒரே பாய்ச்சலில் பிடித்தான். டிலானி துள்ளிக் குதித்தாள். நானும் கைதட்டினேன்.

பிராணி வைத்திருக்கலாம் என்கிற வீடு ஒன்று கிடைத்திருக்கிறது என்று அன்றைக்கே சொன்னாள். அடுத்த கிழமை கறுவாவைக் கொண்டுபோவாளாம்.

அந்தக் கிழமை முழுவதும் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடிந்ததும் தேத்தண்ணீர்கூட வைக்காமல் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று, ஒரேயொரு கறுப்புப் புள்ளி கிடக்காதா என்று பார்த்தேன். பூச்சி தொலைந்து போகவேண்டும் என்று மாதாவிடம் கேட்டதும் நான்தான். தண்ணீர் சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பெட்டியை இவர் கீழே காருக்குக் கொண்டுபோனார். கறுவா தலையணை உறைக்குள் முடிச்சுப் போட்டபடி கதிரையில் இருந்தான். போத்தலைத் தூக்கிக் காட்டி, "இதையும் கொண்டுபோறன், வெளியிலதான் வைப்பன்" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? சப்பாத்துப் போடக் குனிந்தவள் நிமிர்ந்து தலையைச் சொறிந்தாள்.

"அம்மா, எனக்கும் தலையில ஊருற மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

மனிசரில் தங்காது என்று வைத்தியர் சொன்னபோது அவளும் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, நிலத்தில், என் முழங்கால்களுக்கு இடையில் இருந்தாள். வகிடு எடுத்தேன். கட்டை மயிர், சுத்தமான தலை, தேடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"கிடக்கோ அம்மா?"

"கிடக்கு" என்றேன். "நிறையக் கிடக்கு. அசையாமல் இரு."